பிறர் வேதத்தில் தம் இறைவனைக் காண்டல்

பாண்டி நாட்டிலே திருப்பதிகம் பெற்ற தலங்கள் பதினான்கனுள் திருச்சுழியலும் ஒன்று. சுந்தரமூர்த்தி நாயனார் பாடியருளிய பதிகம் ஏழாந் திருமுறையில் இத்தலத்துக்கு உளது. குண்டாற்றங்கரையில் பூமிநாதப் பெருமான் துணைமாலையம்மையோடு எழுந்தருளியிருக்கும் இவ்வூரும், இதற்கு அணித்தாகிய அருப்புக்கோட்டையும், இவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் வானம்பார்த்த கரிசற் பூமியாம். ஐப்பசி கார்த்திகை மழை தவறின் அவ்வாண்டு வெள்ளாமையும் தவறும்.

இத்திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் பிறந்து, மதுரையில் ஸ்காட் நடுத்தரப் பள்ளியிலும் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்று, 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை சேர்ந்தவர் ரமண மகரிஷி. தம்மை நாடிவந்த மேனாட்டார்க்கு விடையிறுக்குங்கால், விவிலிய நூலினின்றும் அவர் பலகாலும் எடுத்துக் காட்டிய இடம் ஒன்று உண்டு. அஃதாவது, எரிந்தும் எரிந்தொழியாத முட்செடியினின்று மோசே என்பார்க்கு இறைவன் தன் பெயரை உணர்த்துங்கால், தன் இருப்பினையே தன் பெயராகக் கூறிய யாத்திராகமப் பகுதியாம். வேதாந்தம் முழுதும் அதனுள் அடங்கிற்றென்பது அவர் கருத்து.

அப்பகுதி கிறித்தவருடைய நூலில் உள்ளதேனும் கிறித்தவரால் எழுதப்பட்டதன்று. அஃது இஸ்ரவேலர் எனப்படும் யூத மக்களின் பண்டை வேதம். அதே மொழியைக் கிறித்தவர் தம் இரட்சகர் மேல் ஏற்றுவர்; ஆபிரகாம் பிறக்குமுன்னே தாம் உளராதலை இயேசு கூறியதாக யோவான் சுவிசேஷம் சொல்லுமிடத்து, முட்செடியினின்று எழுந்த குரலே மீண்டும் ஒலித்ததென்பது அவர் கொள்கை. திருச்சுழியிற் பிறந்தவர் அதன்கண் ஆன்ம சொரூபத்தைக் கண்டார். நூலுக்குரிய யூதர் கண்டது இவ்விரண்டும் அன்று. ஒரு சொல்லை மூவர் மூவகையாகப் படித்தனர். அம்மூவருள் உடையார் ஒருவரே. பிறருடைய வேதத்திலே தம் இறைவனைக் காண்டல் முறையோ, முறையாயின் எவ்வளவில் முறை என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மேசியா என்னும் எபிரெயச் சொல்லுக்கு எண்ணெயால் அபிடேகம் செய்யப்பட்டவர் என்பது பொருள். அதன் கிரேக்க மொழிபெயர்ப்பே கிறிஸ்து என்பது. ஆசாரியாபிடேகம் அறிந்த சைவர்க்கு இச்சொல்லின் பொருள் அயலானதன்று. அரசரும் குருமாரும் அங்ஙனம் அபிடேகம் பெற்றனர். பிற்காலத்தே யூதருடைய அரசு அழிந்து, அவர் வேற்றரசர் கீழ்ப்பட்டு வருந்தியபோது, தாவீதின் வழியில் ஒருவர் தோன்றித் தம்மை மீட்பாரென்னும் எதிர்பார்ப்பு அவரிடை வேரூன்றிற்று. அவ்வெதிர்பார்க்கப்பட்டவர் நாசரேத்தூர் இயேசுவே என்று கொண்ட யூதர் சிலரே முதற் கிறித்தவராயினார். அவர்க்குக் கையிலிருந்த வேதம் ஒன்றே. அதனையே விரித்துத் தாம் கண்டவரை அதனுள்ளே தேடினர்.

தேடியவர் யாண்டுங் கண்டனர். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடக் கொண்டுசென்றபோது, தகனத்துக்குரிய விறகை மகனே சுமந்து மலையேறினான் என்பது ஆதியாகமம். அது சிலுவை சுமந்து சென்றவரின் முன்னிழல் என்றனர். எகிப்தினின்று நீங்கும் இரவில் அறுக்கப்பட்ட ஆட்டுக்குட்டியும், பாலை நிலத்தில் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பும், மீன்வயிற்றில் யோனா இருந்த மூன்று நாளும் அவ்வாறே கொள்ளப்பட்டன. ஓசியா என்னும் தீர்க்கர், இறைவன் தன் மகனை எகிப்தினின்று அழைத்தான் எனக் கழிந்ததொன்றைக் கூறினார். ஆண்டு மகன் என்றது இஸ்ரவேல் மக்கட்டொகுதியை. மத்தேயு சுவிசேஷமோ குழந்தை இயேசு எகிப்து சென்று மீண்டதனால் அவ்வாக்கு நிறைவேறிற்று என்னும். இறந்தகாலத்து வரலாறு எதிர்காலத்துக்குறியாக மாறிற்று.

இதனை வெறும் புரட்டு என்று தள்ளுதல் எளிது; ஆயின் நேர்மையன்று. இரண்டாம் நூற்றாண்டிலே மார்சியன் என்பான் ஒருவன், யூதருடைய இறைவன் வேறு, இயேசு காட்டிய இறைவன் வேறு; ஆதலின் யூதவேதம் கிறித்தவர்க்கு வேண்டா என்றான். திருச்சபை அவனை விலக்கிற்று. யூதவேதத்தைக் கைவிட மறுத்தது. விடாது வைத்துக்கொள்ளுதற்கு அதற்குக் கிடைத்த வழி இம்முன்னிழற் பொருளே. இவ்வழி இல்லையேல், சங்கீதங்களை இன்று உலகெங்கும் ஓதுவாருட் பெரும்பாலார் அவற்றின் பெயரும் அறியார். தம்மதன்றாயிருந்த நூலைத் தமதாக்கிக்கொள்ளக் காதல் செய்த செயலிது என்று கூறுதலும் பொருந்தும். ஆனாற் காதல் உடையாரை வெளியேற்றிய இடமும் உண்டு. வழக்கு ஆண்டே தொடங்குகின்றது.

அவ்விரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்னும் கிறித்தவ ஆசிரியர் திரிபோ என்னும் யூதரோடு வாதித்ததாக ஓர் உரையாடல் நூல் எழுதினார். வாதத்தின் நடுவிடம் ஏசாயா தீர்க்கர் கூறிய ஓர் இளம்பெண் பற்றியது. எபிரெய மூலத்திலுள்ள ‘அல்மா’ என்னுஞ் சொல் மணப்பருவமெய்திய இளம்பெண் என்னும் பொருட்டு. கிரேக்க மொழிபெயர்ப்பிலுள்ள சொல் கன்னி என்னும் பொருட்டு. கிரேக்கம் படித்த கிறித்தவர் கன்னிமகன் பிறப்பை அதிற் கண்டனர். எபிரெயம் படித்த யூதர், மூலத்தில் அஃதில்லை என்றனர். தமிழில் வழங்கும் புரோட்டஸ்டண்டு மொழிபெயர்ப்பும் கன்னிகை என்றே வைத்தது. ஒரு சொல்லின் மேல் பதினெட்டு நூற்றாண்டாக நடக்கும் வழக்கிது.

அதே தீர்க்கர் நூலிற் பின்னர் வரும் துன்புறும் ஊழியன் பற்றிய பகுதியைக் கிறித்தவர் இயேசுவின் பாடுகளுக்கு எழுதிய சித்திரமெனவே கொள்வர். பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த ராஷி என்னும் யூத உரையாசிரியர், அவ்வூழியன் நாடிழந்து நைந்த இஸ்ரவேல் மக்களே என உரைத்தார். 1263ஆம் ஆண்டு பார்சலோனா நகரில் அரகோன் அரசன் முன்னிலையில் நடந்த வாதத்தில் நாமானிடீஸ் என்னும் யூத அறிஞர் தம் வேதத்தைத் தாமே விளக்கும் உரிமைக்காக நிற்கவேண்டியதாயிற்று. அதற்கு இருபது ஆண்டு முன்னர், பாரிசு நகரில் யூதருடைய தால்முத் ஏடுகள் வண்டி வண்டியாகக் கொணர்ந்து எரிக்கப்பட்டன. ஸ்ட்ராஸ்பர்க்குப் பேராலய வாயிலில் அந்நூற்றாண்டில் அமைக்கப்பட்ட படிமங்கள் இரண்டு உள. ஒன்று முடிசூடிய திருச்சபை. மற்றொன்று கண்கட்டப்பட்டு, ஒடிந்த ஈட்டியோடு தலைகவிழ்ந்து நிற்கும் யூத சபை. தன் நூலைத் தானே படிக்கமாட்டாத குருடி என்பது அப்படிமத்தின் பொருள். பொருள்கோள் பற்றிய கருத்து வேறுபாடு எவ்விடத்து இழிவுபடுத்தலாக மாறிற்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இவ்வழக்குத் தமிழ்நாட்டாரைத் தொடாது ஐரோப்பாவிலே நின்றுவிட்டதன்று. 1834இல் மதுரையிற் கால்கொண்ட அமெரிக்க மிஷன், திருச்சுழிப் பக்கத்து மண்டபசாலையையும் தன் நிலையங்களுள் ஒன்றாகக் கொண்டது. அச்சங்கத்தார் கொணர்ந்த நூலின் பெரும்பகுதி யூதவேதமே. அறுபத்தாறு ஆகமங்களுள் முப்பத்தொன்பது அவர்களுடையன. அந்நூலுக்குத் தமிழில் வைத்த பெயரோ வேதாகமம். சைவர் பொதுவென்றும் சிறப்பென்றும் போற்றும் இருதிறத்து நூல்களின் பெயரையும் ஒருசேர எடுத்து, அவ்விரண்டும் அல்லாத மூன்றாவதொன்றுக்குச் சூட்டிய இத்திறம் வியக்கற்பாலது! ஆதியாகமம், யாத்திராகமம் என உட்பிரிவுகளும் ஆகமங்களாயின. யூதர்க்கு நேர்ந்தது பொருளிலே; சைவர்க்கு நேர்ந்தது பெயரளவிலே.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியாரிடத்துப் பயின்று, அவர்க்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றவர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிப்போந்தது. நாவலர் அந்நூலை வரிவரியாக அறிந்தவராதலின், 1854இல் தாம் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில் அவ்வறிவினையே படைக்கலமாகக் கொண்டார். ஆலயம், பலிபீடம், தூபதீபம், நைவேத்தியம், தீட்டும் தூய்மையும், திருவிழா, குருமார்க்குரிய உடையும் ஒழுக்கமும் ஆகிய இவையெல்லாம் இறைவனே விதித்தனவாகப் பழைய ஏற்பாட்டிற் காணப்படும்போது, இவற்றைச் சைவரிடத்தே கண்டு அஞ்ஞானமெனத் தூஷித்தல் யாங்ஙனம் பொருந்தும் என்பது அவர் வினா.

இதற்குக் கிறித்தவர்க்குரிய விடை யாது? எபிரெயர்க்கு எழுதப்பட்ட நிருபம் அதனை முன்னரே வகுத்துள்ளது. அக்கிரியைகள் வரவிருந்த பொருளின் நிழல்; பொருள் வந்தபின் நிழல் ஒழிந்தது என்பதே. ஆகவே முன்னிழற் கொள்கை யூதரொடு மட்டுமன்றிச் சைவரொடு வாதித்தற்கும் அடிப்படையாதல் காண்க. நிழலென்று கொள்ளின் எருசலேமின் ஆலயமும் ஒழியும்; அதனை ஒப்பதாகிய திருச்சுழி ஆலயமும் உடன் ஒழியும். ஈண்டு நாவலர் செய்யாததொன்று கருதத்தக்கது. மோசே சைவனென்றோ, எருசலேமில் வழிபடப்பட்டவர் சிவபெருமானென்றோ அவர் அந்நூலைத் தமதாக்கிக்கொள்ள முயன்றிலர். உங்கள் நூலில் உள்ளதைக் கொண்டே எங்களை இகழாதொழிக என்றார், அவ்வளவே. பிற்காலத்துச் சைவர் சிலர் இவ்வளவில் நில்லாது, யாக்கோபு பெத்தேலில் ஒரு கல்லை நிறுத்தி எண்ணெய் வார்த்தமை சிவலிங்க பூசையே என்று எழுதப் புகுந்தனர். யாக்கோபின் வழிவந்தார் அங்ஙனம் கொண்டிலர் என்பதைப் பொருட்படுத்தாது எழுதியமையால், தாம் மறுக்கப் புகுந்தாருடைய குற்றத்தையே தாமும் மேற்கொண்டாராயினர்.

தம் நூல் பிறர் கையில் நிழலாதல் எத்தகைய நோவு என்பதைச் சைவரும் பிற இந்துக்களும் பின்னர் நேரே உணர்ந்தனர். 1875இல் வங்காளத்துக் கிருஷ்ண மோகன பானர்ஜி, வேதத்துட் கூறப்படும் பிரசாபதியின் வேள்வி கிறிஸ்துவின் பலிக்கு முன்னிழல் என்று நூல் செய்தார். 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையர், வள்ளுவனார் மயிலையில் கிறித்தவ ஆசிரியரோடு பழகி அவர் போதனைகளை அறிந்திருந்தார் எனத் துணிந்தார். பின்னவர் தமிழின்பால் வைத்த பேரன்பு ஐயுறற்பாலதன்று. 1900இல் திருவாசகத்தை மொழிபெயர்த்தவரும் அவரே. அன்பு உண்மையாயிருந்தும், தமிழர் நெஞ்சு சுட்டது. என்னை? தம் பெரியார் சொன்ன சிறந்ததெல்லாம் பிறரிடத்துப் பெற்றது, அன்றேல் பிறரை நோக்கிச் சொன்னது என்றாயின், அவர்க்கென எஞ்சுவது யாது? இந்நோவினை அறிந்த சைவர், யூதருடைய நோவினை அறியேம் எனல் ஒல்லாது.

அற்றேல், சைவரும் வேதத்து உருத்திரனைச் சிவபெருமானாகக் கண்டிலரோ? ஏனைய சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனப் படிநிரைப்படுத்திச் சித்தாந்தத்தை மேற்படியில் வைத்திலரோ? யார் எத்தெய்வத்தைக் கொள்ளினும் அத்தெய்வமாய் நின்று அருளுபவன் மாதொருபாகனே என்று அருணந்தி சிவாசாரியர் அருளிய கொள்கை, பிறர் தெய்வத்துள் தம் இறைவனைக் காண்டல் அன்றோ? இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் ஆகாது. ஆம், காண்டலே. வேதத்தின் திறத்தில் ஒரு வேறுபாடு உண்டு. அதனை ஓதியும் கேட்டும் வழிபட்டும் வந்த மரபினர் சைவர். அயலார் வீட்டுப் பேழையைத் திறந்தாரல்லர். ஆயினும் சமயப் படிநிரையைப் பற்றிய வரையில், பௌத்தரும் சமணரும் தம்மைப் படியென்று கேட்பின் மகிழமாட்டார் என்பது ஒப்புக்கொள்ளற்பாலதே.

குற்றத்தைக் குறைப்பது சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தின் முறை. உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு திறத்தாரையும் ஆசிரியர் மறுக்கின்றார். ஆனால் மறுக்குமுன் ஒவ்வொருவர் மதத்தையும் அவரவர் கூற்றாகவே முதற்கண் நிறுத்துகின்றார். உலகாயதன் கூற்றைப் படிப்பார்க்கு அஃது ஓர் உலகாயதனே பேசுவதுபோலத் தோன்றும். அதன் பின்னரே மறுதலை. நீ உணராமலே எம் கொள்கையைச் சொல்லினாய் என்று பகைவனை நோக்கி ஆசிரியர் கூறுவதில்லை. நீ சொல்லியது இது, அது பொருந்தாமை இதனால் என்கின்றார். மறுக்கப்படுதல் ஒருவனுக்கு இழிவன்று. தான் சொல்லாததைச் சொன்னவனாகக் கொள்ளப்படுதலே இழிவு.

இக்கரிசல் நாட்டார்க்கு இவ்வேறுபாட்டினை நூல்கொண்டு விளக்குதல் வேண்டா. இங்குக் கண்மாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. மேற்கண்மாய் பெருகிக் கலுங்கு வழியாக மறுகால் பாயின், அந்நீர் ஓடைவழி சென்று கீழ்க்கண்மாயை நிறைக்கும். கீழூரார் அந்நீரைத் தேக்கிப் பயிர் செய்தல் களவன்று. அஃது அவர்க்குரிய பேறே. மேலூரார் அதனைத் தடுத்தலும் அறமன்று. ஆனால் கீழூரான் ஒருவன் மேற்கரை ஏறி நின்று, இக்கண்மாயை உங்கள் பாட்டனார் வெட்டியது எம் வயலுக்காகவே. உங்கள் மடைகளை இனி அடைத்துவிடுக. இது தெரியாத நீவிர் குருடர் என்பானாயின், ஊர்ப்பஞ்சாயத்தார் அவனை யாது சொல்வர்? கிறித்தவர் யூதவேதத்தாற் பயிர்செய்துகொண்டமை முதல்வகை. ஸ்ட்ராஸ்பர்க்கில் நிற்கும் கண்கட்டிய படிமம் இரண்டாம் வகை.

கிறித்தவ அறிஞரே இதனைப் பின்னர் உணரத் தலைப்பட்டனர். ஐரோப்பாவில் ஹிட்லர் ஆட்சியில் அறுபது இலக்கம் யூதர் கொல்லப்பட்டபின், தம் மரபு அவர்மேல் வளர்த்த இகழ்ச்சியைக் கத்தோலிக்க சபை 1965இல் வத்திக்கான் சங்கத்திலே ஆராய்ந்து, யூதர் இறைவனால் தள்ளப்பட்டாரெனல் ஆகாதென்று அறிவித்தது. 2001இல் அச்சபையின் விவிலிய ஆராய்ச்சிக் குழு, யூதர் தம் வேதத்தைத் தம் மரபுவழிப் படிக்கும் பொருளும் இயல்வதே என்றும், கிறித்தவர் அதனிற் கிறிஸ்துவைக் காண்பது பின்னின்று திரும்பி நோக்கும் நோக்கால் என்றும் ஒப்புக்கொண்டது. இவ்வொப்புதல் சிறிதன்று. பின்னோக்கிக் காண்பது என்று சொல்லியபின், முன்னரே எழுதியிருந்தும் கண்டிலீர் எனக் குற்றஞ்சாட்டுதற்கு இடமில்லை.

எனினும் சித்தாந்திக்கு ஓர் ஐயம் எஞ்சும். அஃது அருள் பற்றியது. ஏசாயா அவ்விளம்பெண் பற்றிய குறியைக் கூறியது ஆகாஸ் என்னும் யூதேயா அரசனுக்கு, காலம் கி.மு. எட்டாம் நூற்றாண்டு. சிரியாவின் அரசனும் வடநாட்டு இஸ்ரவேல் அரசனும் கூடி எருசலேமின் மேற் படையெடுத்த வேளை. அவள் பெறும் பிள்ளை நன்மை தீமை அறியுமுன்னே அவ்விரண்டு அரசரின் நாடும் பாழாகும் என்பது குறி. அச்சத்தால் நடுங்கிய ஓர் அரசனுக்கு எழுநூறு ஆண்டு கழித்து நிகழ்வதொன்றைக் குறியாகக் காட்டின், அவனுக்கு அதனாற் பயன் என்? குறி அன்றைக்கும் ஆயிற்று, பின்றைக்கும் ஆயிற்று எனக் கிறித்தவருட் பலர் விடையிறுப்பர். அவ்விடை பொறுக்கத்தக்கதே. அன்றைக்கு ஆகாது பின்றைக்கே ஆயிற்று என்பாருடைய கூற்றுத்தான் பொறுக்கலாகாது. இறைவன் ஐந்தொழில் புரிவது ஒவ்வோர் ஆன்மாவையும் நோக்கி. ஒரு காலத்து ஆன்மாக்களை மற்றொரு காலத்தார்க்கு எழுத்தாகவும் மையாகவும் பயன்படுத்தும் பொருட்டன்று.

ஈசாக்கின் வரலாற்றைப் படிக்குஞ் சைவன் உள்ளத்தே முதற்கண் தோன்றுவார் சிறுத்தொண்ட நாயனார். சீராளனைத் தொண்டர் பெரியபுராணத்திற் காணுமாறு அடியார்க்கு அமுதாக்கினார்; திருவெண்காட்டு நங்கையார் மகனைத் தம் மடியில் வைத்துக் கால்களைப் பற்றிக்கொண்டார். அவ்விருவரும் தம் மகனை இழந்தனர்; பெற்றனர். அவர் செயல் வேறொருவர் செயலுக்கு முன்னறிவிப்பென்று எச்சைவரும் உரைத்திலர். அறுபத்துமூவருள் ஒருவரும் மற்றொருவர்க்கு நிழலல்லர். கண்ணப்பர் அன்பு கண்ணப்பர் அன்பாகவே நின்று முடிந்தது. ஆபிரகாமும் மூன்று நாள் வழிநடந்தான். விறகைச் சுமந்த சிறுவன், தீயும் விறகும் உள, ஆடு எங்கே எனத் தந்தையை வினாவினான். அவ்வினாவைக் கேட்ட தந்தையின் நெஞ்சம் அன்று பட்டதை, பின்வருவதொன்றன் சித்திரம் என்று மட்டும் கொள்வார் அத்தந்தையைக் கண்டாரல்லர்.

இனித் திருச்சுழியிற் பிறந்தவர்பால் மீள்வோம். முட்செடியின் குரலில் ஆன்ம சொரூபத்தைக் கண்ட ரமணரும் அயலார் நூலிலே தம் பொருளைக் கண்டவரேயாவர். ஆனால் அவர் யூதரைக் குருடரென்றிலர். அச்சொல்லுக்கு உரியார் தாமே என்றும் கூறிலர். வினாவிய மேனாட்டார் இளமை முதற் கைக்கொண்டிருந்த நூலையே அவர்க்குத் திருப்பிக் காட்டினார். அவர் கண்ட ஒருமைப் பொருள் சித்தாந்தத்துக்கு உடம்பாடன்று. இருப்பென்னும் பெயர் பதிக்குரியதே, பசுவுக்குத் தன்னியல்பில் உரியதன்று என்பர் சித்தாந்திகள். அவ்வாராய்ச்சி வேறு. இவண் நோக்கற்பாலது, இம்மூன்று பொருளும் போக, நூலுக்குடையார் அதனிற் கேட்டது யாதென்பதே.

எபிரெயத்தில் அச்சொல் எதிர்காலமும் உணர்த்துவது. இருக்கிறேன் என்பதோடு இருப்பேன் என்றும் பொருள்படும். ராஷி அதற்கு உரை கூறுங்கால் இறைவனது தனியிருப்பைப் பற்றிப் பேசினாரல்லர். இந்த இடுக்கணில் அவர்களோடு இருப்பேன். இனி வேற்றரசர் கீழ் அவர்கள் படவிருக்கும் இடுக்கணிலும் அவர்களோடு இருப்பேன் என்று இறைவன் உரைத்ததாகவே அவர் கொண்டார். மோசே அச்சொல்லைச் சுமந்து சென்றது எகிப்தின் வெயிலிற் களிமண் மிதித்துச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த அடிமைகளிடத்துக்கு. தம்மை அனுப்பியவர் பெயர் யாது என்று அவர்கள் கேட்பின் யாது சொல்வேன் என்பதே அவர் இறைவனைக் கேட்ட வினா.